கடைசி வரிசையிலிருந்து: பயிற்சி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் சென்றிருப்பவர்களிடமிருந்து வந்தவை. எனவே பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். நானும் ஒரு காலத்தில் கைநடுங்கச் சுண்ணக்கட்டி பிடித்தவள்தான். பிறகு பல ஆண்டுகள் வழிகாட்டி ஆசிரியையாகவும் இருந்திருக்கிறேன். இரண்டு இடங்களிலிருந்தும் கண்டதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தொடக்கநிலை வகுப்பு ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வழிகாட்டி ஆசிரியை பாடம் நடத்தும்போது கடைசி வரிசையில் அமர்ந்து, அவர் சொல்வதையும் எழுதுவதையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்கிறேன். சென்ற வாரம் அவர் ஒரு பிரிவில் நடத்திய கழித்தல் பாடத்தை, அதே கணக்குகளோடும் ஏறக்குறைய அதே சொற்களோடும் அடுத்த பிரிவில் நடத்தினேன். அவர் வகுப்பில் பிள்ளைகள் ஆர்வத்தோடு கணக்குப் போட்டார்கள். என் வகுப்பிலோ பத்து நிமிடத்தில் பேச்சுச் சத்தம் எழுந்துவிட்டது. பாதிப் பேர் தவறான விடையோடு இருந்ததும் மணி அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் எதைத் தவறவிட்டேன்?
— பயிற்சி ஆசிரியை ஒருவர்

பதில்: என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் உற்றுநோக்கல் பதிவேட்டில், "ஆசிரியை 52 − 27 என்று கரும்பலகையில் எழுதினார், பின்பு வகுப்பைச் சுற்றி வந்தார், பின்பு ஒரு மாணவனை அழைத்தார்" என்று மூன்று சிறு வாக்கியங்கள் இருந்தன. ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் அந்தப் பாடத்தின் உயிர் இருந்த இடம் இரண்டாவது வாக்கியத்துக்குள் மறைந்துவிட்டது. உங்கள் குறிப்பேட்டிலும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சுற்றில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள் என்பது கணக்கை எழுதும்போதே எனக்குத் தெரியும். ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்றதும், 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டு, பத்தின் இடத்தில் 5-லிருந்து 2-ஐக் கழித்து 3 என்று எழுதிவிடுவார்கள். இது கவனக்குறைவால் வரும் தவறு அல்ல. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று முன்பு கேட்டதைப் பிள்ளை உண்மையாகப் பின்பற்றியதால் வரும் தவறு. நான் சுற்றி வந்தபோது யாருடைய விடையையும் திருத்தவில்லை. எத்தனை பேர் 35 எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினேன். ஒரு சிறுமி கடன் வாங்காமலேயே 27-லிருந்து 30-க்கு 3, 30-லிருந்து 50-க்கு 20, 50-லிருந்து 52-க்கு 2 என்று ஏறிச் சென்று 25 என்று கண்டுபிடித்திருந்ததைக் கவனித்து வைத்துக்கொண்டேன். 35 எழுதியவர்களில், எல்லோர் முன்னும் தன் விடையை விளக்கச் சொன்னாலும் முகம் வாடாத பையன் யார் என்று யோசித்து, அவனை முதலில் அழைத்தேன். அவன் விளக்கி முடித்ததும், "27-உடன் உன் 35-ஐக் கூட்டிப் பார்" என்று மட்டும் சொன்னேன். 62 வந்தது. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகுதான் அந்தச் சிறுமியை அழைத்தேன்.

இவ்வளவும் இரண்டு நிமிடத்துக்குள் நடந்தவை. என் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டால் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஏனென்றால் அந்த இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி நான் பேசவே இல்லை. உங்கள் வழிகாட்டி சொன்னதை நீங்கள் அடுத்த பிரிவுக்கு எடுத்துச் சென்றீர்கள். அவர் பார்த்ததை எடுத்துச் செல்ல உங்களுக்கு வழியிருக்கவில்லை.

இதில் உங்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. சமூகவியல் அறிஞர் டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், ஒரு மாணவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு வகுப்பறையில் கழித்திருப்பார் என்று கணக்கிட்டார். ஆசிரியர் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிவிட்டு வருகிறார்கள். ஆனால் மாணவர் இருக்கையிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் ஆசிரியர் நிற்பதும் பேசுவதும் எழுதுவதும் தெரியும். எதை முன்கூட்டியே எதிர்பார்த்தார், எதைக் கண்டு மனம் மாற்றினார், எதைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார் என்பவை தெரியா. நீங்கள் இப்போதும் அந்தப் பழைய இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

ஆகவே முதலில் இடத்தை மாற்றுங்கள். ஆசிரியையிடம் அனுமதி பெற்று, கரும்பலகைக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரியும்படி நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அவர் யார் யாரைப் பதில் சொல்ல அழைக்கிறார் என்பதை மட்டும் குறியுங்கள். நாளை, தவறான விடை வரும்போதெல்லாம் அவர் சொல்லும் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள். மறுநாள் அவரைப் பார்க்கவே வேண்டாம். இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பாடம் தொடங்கியதிலிருந்து மணி அடிக்கும் வரை அவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே கவனம் சிதறுகிறது, எந்த இடத்தில் மீண்டும் பாடத்துக்குள் வருகிறார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றாவது வேலையை ஒரு முறை செய்து பார்த்தவர் அதன் பிறகு பாடத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் கேட்கும் கேள்வியும் முக்கியம். "ஏன் அவனை அழைத்தீர்கள்?" என்று கேட்டால், விளக்கம் கேட்பதுபோல் ஒலிக்கும். "அவனை அழைப்பதற்கு முன் அவன் நோட்டில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நீண்ட நாள் பழக்கத்தில் கை தானாகச் செய்யும் வேலையை விளக்குவது அனுபவமுள்ள ஆசிரியருக்கும் எளிதன்று. "தோன்றியது, செய்தேன்" என்றே முதலில் சொல்வார். குறிப்பிட்ட நொடியைச் சுட்டிக் கேட்டால்தான் அவருக்கும் நினைவு வரும். பல சமயம், தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியவரும்.

கேள்வி: கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவான பாடக்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். என் வழிகாட்டி ஆசிரியரோ, "இதெல்லாம் மதிப்பெண்ணுக்கு; வகுப்பில் உதவாது" என்கிறார். அவர் கையில் பாடப்புத்தகத்தைத் தவிர எதுவும் இருப்பதில்லை. பாடமோ அருமையாக இருக்கிறது. நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அவரிடமும் குறிப்பு இருக்கிறது; தாளில் இல்லை, அவ்வளவுதான். இந்தப் பாடத்தைப் பல முறை நடத்தி, எங்கே பிள்ளைகள் இடறுவார்கள், எந்த எடுத்துக்காட்டு எடுபடாது, எதற்கு நேரம் போதாது என்பதையெல்லாம் மனத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனப்பதிவு உங்களிடம் இன்னும் இல்லாதபோது தாளையும் விட்டுவிட்டால், வெறுங்கையோடு வகுப்பில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே எழுதுங்கள்.

ஆனால் அவர் குறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பார்த்த பயிற்சிக் குறிப்புகளில் பல, ஆசிரியர் என்ன செய்வார் என்பதை மூன்று பக்கத்துக்கு விவரித்துவிட்டு, மாணவர் செயல் என்ற பத்தியில் "கவனிப்பர்", "விடையளிப்பர்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. எந்த விடையை அளிப்பார்கள்? தவறாகச் சொன்னால் எப்படிச் சொல்வார்கள்? அந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள்? நீங்கள் கேட்கவிருக்கும் முக்கியமான வினாக்கள் இரண்டு அல்லது மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய தவறான விடைகளைப் பக்கத்தில் எழுதி, முந்தைய நாள் மாலையில் உங்கள் வழிகாட்டியிடம் காட்டி, "இவை தவிர வேறு என்ன சொல்வார்கள், ஐயா?" என்று கேளுங்கள். குறிப்பு உதவாது என்று சொன்னவரே பேனாவை எடுத்து மேலும் சிலவற்றைச் சேர்ப்பார். அவர் மனத்திலிருக்கும் குறிப்பிலிருந்து ஒரு பகுதி உங்கள் தாளுக்கு வருவது அப்படித்தான்.

கேள்வி: நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டி ஆசிரியை எழுந்து வந்து திருத்துகிறார், சில நேரம் பாடத்தையே கையில் எடுத்துக்கொள்கிறார். அதன் பிறகு பிள்ளைகள் என்னை ஆசிரியையாகப் பார்ப்பதில்லை. எதற்கும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. அன்று மாலை வீடு சேரும் வரை அழுகையை அடக்கிக்கொண்டுதான் சென்றேன். ஆனாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் கரும்பலகையில் தவறான செய்தியை எழுதிவிட்டாலோ, ஒரு பிள்ளைக்கு ஆபத்தோ அவமானமோ நேரப்போகிறது என்றாலோ, அவர் குறுக்கிட்டே ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர் அவர்தான். உங்கள் பயிற்சிக்காக அவர்கள் ஒரு தவறைக் கற்றுக்கொண்டு போகக் கூடாது. மற்ற குறுக்கீடுகளைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பேசுவதற்கான நேரம், குறுக்கீடு நடந்து மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நேரமன்று. அடுத்த பாடத்தைத் திட்டமிட இருவரும் அமரும்போது, "நாளைக்கு முதல் பதினைந்து நிமிடத்தை நானே நடத்திப் பார்க்கிறேன், அம்மா; இடையில் எங்காவது தடம் மாறினால் கையை லேசாக உயர்த்துங்கள், நானே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். புகார் என்று எதுவும் இந்த வாக்கியத்தில் இல்லை. அவர் கவலைக்கும் இதில் இடம் இருக்கிறது. அவர் கை உயர்ந்ததும் நீங்கள் வகுப்பைப் பார்த்து, "இதை உங்கள் ஆசிரியை எப்படிச் செய்வார் என்று கேட்போமா?" என்று சொல்லிவிட்டால், அழைத்தவர் நீங்களாகிவிடுகிறீர்கள். பிள்ளைகள் கண்ணுக்கு அது இருவர் சேர்ந்து நடத்தும் பாடமாகத் தெரியும்.

பெரும்பாலான குறுக்கீடுகளுக்கு மூல காரணம், அடுத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாததுதான். நீங்கள் ஒரு பிள்ளையின் தவறான விடையை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டு, இரண்டு நிமிடம் கழித்து அதற்குத் திரும்ப நினைத்திருப்பீர்கள். பின்னால் அமர்ந்திருப்பவருக்கோ நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்றே தோன்றும். திட்டத்தை முன்பே சொல்லி வையுங்கள். பாதிக் குறுக்கீடு குறைந்துவிடும்.

கேள்வி: என் பிரச்சினை நேர்மாறானது. எந்தப் பாடம் நடத்தினாலும் என் வழிகாட்டி ஆசிரியர், "நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசலாம்" என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிடுகிறார். அவர் நல்லவர், என்னைப் புண்படுத்தக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

பதில்: கருத்துக் கேட்டால் மென்மையான கருத்துதான் கிடைக்கும். எண்ணிக்கையைக் கேளுங்கள்.

என் பயிற்சிக் காலத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் பாடம் முடிந்ததும் என் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "14 வினாக்கள் கேட்டீர்கள், 11-க்கு நீங்களே விடை சொன்னீர்கள்." நல்லது, கெட்டது என்று ஒரு சொல்லும் இல்லை. பாடம் கலகலப்பாகப் போனது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கலகலப்பு முழுவதும் என் குரல்தான் என்பது அந்த வரியில் தெரிந்தது. அடுத்த பாடத்துக்கு முன் அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: "கேட்டுவிட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள்." வகுப்பு முன் நிற்கும்போது அந்த மூன்று எண்ணிக்கை எவ்வளவு நீளமானது என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு எண்ணுவதற்குள் யாராவது விடை சொல்லிவிட மாட்டார்களா என்று தவிப்பாக இருக்கும். மூன்றாவது எண்ணும்போது, அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் மெதுவாகக் கையை உயர்த்தினான்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஆய்வு இருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. தாமாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடினார்கள். பேசாமல் இருந்துவிடுவது குறைந்தது. இன்னொன்றையும் அவர் கண்டார். மெதுவாகக் கற்பவர்கள் என்று தாங்கள் கருதிய பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே கொடுத்தார்கள். அதிக நேரம் தேவைப்பட்டவர்களுக்குக் குறைந்த நேரம்! நான் வழிகாட்டியாக இருந்த நாள்களில், முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவேன். விடை வந்த பின்னும் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஒரு பிள்ளை பேசி முடித்ததும் நாம் உடனே "சரி" என்று பாய்ந்துவிட்டால், அது சொல்ல வந்த அடுத்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆகவே அடுத்த பாடத்துக்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ஐயா, இன்று நான் எத்தனை பேரிடம் வினாக் கேட்கிறேன், அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் இதில் புள்ளி வைத்துத் தர முடியுமா?" என்று கேளுங்கள். வகுப்பின் இருக்கை அமைப்பை முன்பே அதில் வரைந்து வையுங்கள். புள்ளி வைப்பதில் யாரும் யாரையும் புண்படுத்த வேண்டியதில்லை என்பதால் அவர் மகிழ்ச்சியோடு செய்வார். எல்லாப் புள்ளிகளும் முன் இரண்டு வரிசையில் விழுந்திருப்பதைப் பார்த்ததும், பேச வேண்டியது தானாகத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் வழிகாட்டி ஆசிரியை ஒரு பார்வை பார்த்தால் வகுப்பு அடங்கிவிடுகிறது. அதே பார்வையை நான் பார்த்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வகுப்புக் கட்டுப்பாடு பிறவியிலேயே வர வேண்டுமோ?

பதில்: இல்லை. ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் கட்டுக்கோப்பான வகுப்புகளையும் கட்டுக்கடங்காத வகுப்புகளையும் படம்பிடித்து ஒப்பிட்டு, முடிவுகளை 1970-இல் நூலாக வெளியிட்டார். தவறு நடந்த பின் ஆசிரியர்கள் அதை எப்படிக் கண்டித்தார்கள் என்பதில் இரு வகையினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவரால் காண முடியவில்லை. வேறுபாடு அதற்கு முன்பே இருந்தது. நல்ல வகுப்பின் ஆசிரியர் அறையின் எல்லா மூலைகளிலும் நடப்பதை அறிந்திருப்பதைப் பிள்ளைகள் உணரும்படி நடந்துகொண்டார். ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனித்தார். பாடத்தை இழுபறியில்லாமல் நகர்த்தினார். உங்கள் வழிகாட்டியின் பார்வைக்கு வலிமை வருவது, அந்தப் பார்வைக்கு முன் அவர் செய்து முடித்த இந்த வேலைகளால்தான். பார்வையை விட்டுவிட்டு, வகுப்புக்குள் பிள்ளைகள் நுழையும் முதல் மூன்று நிமிடத்தில் அவர் எங்கே நிற்கிறார், என்ன வேலையைக் கரும்பலகையில் தயாராக எழுதி வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசிரியர். இந்த ஆண்டு முதன்முறையாக ஒரு பயிற்சி ஆசிரியரை என் வகுப்பில் விட்டிருக்கிறார்கள். வழிகாட்ட எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. முதல் நாளே முழு வகுப்பையும் அவரிடம் ஒப்படைத்தேன், பாவம், திணறிவிட்டார். எங்கே தொடங்குவது?

பதில்: இப்படி ஒருவர் எழுதிக் கேட்பதே எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. சிறு அளவில் தொடங்குங்கள். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் பணியாற்றியவர்களும் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற முறையை உருவாக்கியபோது அதன் அடிப்படை இதுதான்: சில மாணவர்கள், சில நிமிடங்கள், ஒரே ஒரு திறன், உடனே பின்னூட்டம், பிறகு அதையே மறுபடி கற்பித்தல். கல்லூரியில் இதைச் சடங்காகச் செய்து முடித்துவிடுகிறோம். உண்மையான வகுப்பில் செய்தால்தான் இதன் அருமை தெரியும். உங்கள் பயிற்சி ஆசிரியரிடம் நாளை ஆறு பிள்ளைகளைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஒரு கருத்தை விளக்கச் சொல்லுங்கள். பேசிவிட்டு, வேறு ஆறு பிள்ளைகளிடம் அதையே மீண்டும் நடத்தச் சொல்லுங்கள். அடுத்த வாரம் முழு வகுப்பின் தொடக்கப் பகுதியை மட்டும் அவரிடம் விடுங்கள். பிறகு தொடக்கமும் முடிவும் அவருடையவையாகட்டும். கடினமான நடுப்பகுதி உங்களிடமே சில நாள் இருக்கட்டும்.

நீங்கள் பாடம் நடத்தும்போது, ஒரு முடிவை எடுக்கும் நொடியில் அவர் பக்கம் திரும்பி, "இந்தக் கணக்கை இப்போது விட்டுவிடப் போகிறேன், இன்னும் பலர் முந்தைய படியிலேயே நிற்கிறார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. சொல்லப்போனால், ஆசிரியரும் யோசித்துத்தான் முடிவெடுக்கிறார் என்பதை அவர்களும் பார்க்கிறார்கள்.

பாடம் முடிந்த பின் பேச அமரும்போது, முதலில் அவரைப் பேச விடுங்கள். நீங்கள் கவனித்த பத்துக் குறைகளில் ஒன்றை மட்டும், அடுத்த பாடத்துக்குள் அவரால் மாற்றிக்கொள்ள முடிந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மீதி ஒன்பதும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அந்த முதல் நாள் திணறலைப் பற்றி, "உங்களை ஒரே நாளில் ஆழத்தில் இறக்கிவிட்டது என் தவறு" என்று நாளைக் காலை வகுப்புக்குப் போகும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.